கை துடைத்த இடம்

ஆகஸ்ட் 4, திங்கள்

குழாயில் தண்ணீர் வரவில்லை. அடுத்த லைன் வீடுகளுக்குப் போய்க் குடத்துடன் ஒரு வாசலில் நின்றேன். அந்த வீட்டு அம்மா தானாகப் பார்த்து, "ஏன் கண்ணு நிக்கிறே, தண்ணிக்கா?" என்று கேட்ட பிறகுதான் குடத்தை நீட்டினேன். வாயைத் திறந்து கேள் என்று அண்ணன் சொல்லிச் சொல்லிப் பார்ப்பான். அதில் எனக்கு முன்னேற்றம் இல்லை.

அம்மா இன்றும் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். ஏப்ரலில் அண்ணன் போனதிலிருந்து இப்படித்தான். சாப்பிடச் சொன்னால் சாப்பிடுகிறாள், குளிக்கச் சொன்னால் குளிக்கிறாள். அண்ணியிடம் மட்டும் பேசுவதில்லை. அண்ணி மசக்கையில் எலுமிச்சம்பழம் கேட்டாள். அண்ணன் பழத்தை வாங்கிக்கொண்டு மழையில் வண்டியை விரட்டி வந்தான். திருப்பத்தில் லாரி. இதில் எலுமிச்சம்பழம் மட்டும்தான் அம்மாவின் மனதில் நிற்கிறது.

மதியம் அம்மா தூங்கியதும் அண்ணி என்னைச் சைகையால் கூப்பிட்டாள். கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு மூட்டையை இழுக்கச் சொன்னாள். அவளால் இப்போது குனிய முடியாது, ஏழு மாதம். கம்பெனியிலிருந்து நூல் பிசிறு வெட்டுவதற்கு வரும் பனியன் பீஸ் மூட்டை என்றுதான் நினைத்தேன். பிரித்தால் அண்ணனுடைய டி-சர்ட்டுகள்.

கருமாதி அன்று அண்ணனின் துணி, பாய், சீப்பு எல்லாவற்றையும் மூட்டை கட்டி ஆற்றில் விட்டுவிட்டதாக நினைத்திருந்தேன். "பெரியவங்க வந்து கேட்டாங்க. இது பாப்பாத்தியக்கா குடுத்த எக்ஸ்போர்ட் பீஸுங்கன்னு சொல்லிட்டேன். நம்பிட்டாங்க" என்றாள் அண்ணி. நம்பத்தான் செய்வார்கள். இந்த ஊரில் எந்த வீட்டில் எந்த மூட்டையைப் பிரித்தாலும் பனியன்தான்.

அண்ணன் டி-சர்ட்டில் படம் அச்சடிக்கும் பிரிண்டிங் பட்டறையில் வேலைக்கு இருந்தான். அச்சு பிசகினதெல்லாம் வீட்டுக்கு வரும். ஒற்றைக்கண் கரடி, சாய்ந்து விழுந்த நங்கூரம், எந்த நாட்டிலோ யாரோ ஓடிய ஓட்டப்பந்தயம். ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் கூடிச் சாப்பிடுவதற்காக அடித்த டி-சர்ட்கூட இருந்தது. "நாமளும் அந்தக் குடும்பத்துல ஒரு ஆளு" என்று அதைப் போட்டுக்கொண்டு ஊரெல்லாம் சுற்றினான்.

"போன்ல ஒருத்தி பழைய பனியனையெல்லாம் வெட்டி ஒட்டுப்போட்டுப் போர்வை தெச்சிருந்தா. அதே மாதிரி ஒன்னு தெச்சுக் குடு அம்மிணி. குழந்தைக்கு அடியில விரிக்கறதுக்கு" என்றாள் அண்ணி. "அத்தைக்குத் தெரிய வேண்டாம். எங்கப்பாகிட்டச் சொல்லியிருக்கறேன், என் நாத்தனா சிந்துஜா அதத் தெச்சு முடிச்ச பொறவுதான் பிரசவத்துக்கு ஊருக்கு வருவேன்னு."

சரி என்று தலையாட்டினேன்.

ஆகஸ்ட் 6, புதன்

குழாயடியில் பாப்பாத்தியக்கா. இவர்தான் கம்பெனியிலிருந்து பீஸ் எடுத்து வந்து எங்கள் லைனுக்குப் பிரித்துக் கொடுப்பவர். பேசாமல் ஒரு குடம்கூட நிரப்ப மாட்டார்.

"உங்கண்ணி எப்பப் போறா?"

"தெரியலீங்க்கா."

"போனான்னா வரமாட்டா, பாத்துக்க. இருபத்தி ரெண்டு வயசு. அவங்கப்பன் சென்னிமலையில சும்மா உக்காந்திருப்பானா? நீ ஏன் கண்ணு குடம் வழியறது தெரியாம நிக்கிறே?"

குடம் வழிந்துகொண்டிருந்தது.

ஆகஸ்ட் 9, சனி

அட்டையைச் சதுரமாக வெட்டி அளவு வைத்துக்கொண்டேன். மதியம் அம்மா தூங்கும்போது ஒவ்வொரு டி-சர்ட்டாக விரித்து, அட்டையை வைத்து வெட்டினேன். அண்ணி தூங்கிப்போனாள். இரண்டு பேரும் ஒரே அறையில் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துத் தூங்கினார்கள்.

நான் வாரத்தில் சில நாள் பாப்பாத்தியக்காவோடு செக்கிங் வேலைக்கும் போவேன். அங்கே பீஸைக் கையில் எடுத்ததும் கண் டேமேஜைத்தான் தேட வேண்டும். கறை, ஓட்டை, விட்டுப்போன தையல், எது இருந்தாலும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் தனியாகத் தள்ளிவிட வேண்டும். பழகிவிட்டால் கண் தானாக அங்கே போய் நிற்கும்.

அண்ணனுடையது எல்லாமே டேமேஜ். வலது இடுப்புப் பக்கம் பச்சையும் சிவப்பும் கறுப்புமாக இழுவிக் கிடந்தது. கழுத்தோரம் பிசுக்கு. தோளில் ஆணி கிழித்து, அம்மா கையால் தைத்து மூடிய ஓட்டை. அதையெல்லாம் ஒதுக்கிவிட்டு, படம் இருக்கும் நெஞ்சுப் பகுதியாகப் பார்த்து நல்ல துணியை மட்டும் எடுத்தேன். மிஞ்சியதை வாசலில் இருக்கும் கழிவு மூட்டையில் திணித்தேன்.

அடுக்கி வைத்துப் பார்த்தால் கப்பலில் ஏற்றலாம் போல இருந்தது. ஒரு கறை இல்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

அம்மாவின் பழைய தையல் மிஷினைத் துடைத்து எண்ணெய் விட்டேன். நாலு தையல் ஓடியதும் ஊசி ஒடிந்தது. பனியன் துணிக்கு வேறு ஊசி போட வேண்டும். நாளைக்கு வாங்க வேண்டும்.

ஆகஸ்ட் 13, புதன்

ஊசி வாங்கப் போகவில்லை. ரேஷன் கடையில் நேரமாகிவிட்டது.

ஆகஸ்ட் 14, வியாழன்

போகவில்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

கடை லீவு.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

அண்ணியே மெதுவாக நடந்துபோய் ஊசி வாங்கி வந்துவிட்டாள். வியர்த்து ஊற்றியது. "நீ போவேன்னு காத்திருந்தா எம்புள்ள நடந்து போய் வாங்கிட்டு வந்திரும்" என்றாள்.

பனியன் துணியை மிஷினில் விட்டால் இழுத்துக்கொண்டு போய் ஓரம் சுருண்டுவிடும். அதனால் அடியில் செய்தித்தாளைக் கீற்றாகக் கிழித்து வைத்து, அதோடு சேர்த்துத் தைத்துவிட்டு, பிறகு காகிதத்தை உருவிவிட வேண்டும். அண்ணி கட்டிலில் சாய்ந்துகொண்டு தாளைக் கிழித்துக் கொடுத்தாள். கிழிப்பதற்கு முன் ஒவ்வொன்றையும் படித்தாள்.

"இதக் கேளு. வயசு முப்பத்தி ரெண்டு, சொந்தத் தறி, குடிப்பழக்கம் இல்லை. குடிக்க மாட்டான்னு பேப்பர்ல போடறான்னா ஊருக்கே தெரிஞ்ச குடிகாரன்னு அர்த்தம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மா எழுந்துவிடுவாள் என்று வாயை மூடிக்கொண்டேன்.

"எங்கப்பா இப்பப் பேப்பர் வாங்கினா இந்தப் பக்கத்தத்தான் மொதல்ல பிரிக்கறாராம். அம்மா சொல்லுச்சு" என்றாள் அண்ணி, அதே சிரிப்போடு. பிறகு அந்தப் பக்கத்தை மெல்லியதாகக் கிழித்து என்னிடம் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு தைத்த இடங்களில் காகிதம் ஒட்டிக்கொண்டு வரவே மாட்டேன் என்றது. துணுக்குத் துணுக்காக ஊசி முனையால் எடுக்க வேண்டியிருந்தது. பொழுது அதிலேயே போய்விட்டது.

ஆகஸ்ட் 22, வெள்ளி

அம்மா சுவரைப் பார்த்தபடியே கேட்டாள். "என்ன தைக்கறே?"

"பாப்பாத்தியக்கா குடுத்த பீஸும்மா."

"ம்."

கழிவுத் துணி அள்ளுகிறவர் வந்தார். வாசலில் இருந்த மூட்டையை வண்டியில் போட்டுக்கொண்டு போனார்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

அண்ணி நான் தைத்ததை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நேத்து இந்த வரிசை சேந்திருந்துச்சே. பிரிச்சுட்டியா?"

"கோணலா இருந்துச்சுங்கண்ணி."

"கோணலெல்லாம் ஒன்னுமில்ல."

நான் நூல் கோக்கிற மாதிரி குனிந்துகொண்டேன். அவள் பேச்சை மாற்றினாள். "பள்ளிக்கூடம் போயிருந்தா இப்பப் பத்தாவது முடிச்சிருப்பே, இல்ல?" என்றாள்.

"ம்."

ஒன்பதாவதில் அம்மாவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் ஆனபோது சோறாக்க ஒரு மாதம் லீவு எடுத்தேன். அதன் பிறகு யாரும் போகச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வகுப்பில் எழுந்து நின்று வாசிப்பது எனக்கு ஆகாது, ஆகவே நல்லதுதான். குழந்தை பிறந்ததும் என்னை வீட்டிலிருந்தே பத்தாவது எழுத வைப்பதாக அண்ணன் சொல்லியிருந்தான். அது அண்ணன் சொன்னது.

ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. சாவு விழுந்த வீடு, இந்த வருடம் எங்களுக்குப் பண்டிகை கிடையாது. லைனில் எல்லா வீடுகளிலிருந்தும் கொழுக்கட்டை வந்துவிட்டது. அம்மா ஒன்றுகூடத் தொடவில்லை. அண்ணி அம்மாவின் பங்கையும் சேர்த்துத் தின்றாள்.

அண்ணியின் அப்பா போன் பண்ணினார். ஸ்பீக்கர் போடாமலேயே தெருவுக்குக் கேட்கும் குரல். "ஒன்பதாம் மாசம் பொறக்குது, இன்னும் என்னத்தத் தெச்சு முடியல? மாளிகைக்குத் திரையா தெக்கிறா?"

ஆகஸ்ட் 30, சனி

முடித்துவிட்டேன். இதற்கு மேல் பிரித்து நாளைக் கடத்த வழியில்லை. அடியில் அண்ணியின் பழைய நூல் சேலையை வைத்து, சுற்றிலும் ஓரம் மடித்துத் தைத்தாயிற்று.

அம்மா குளிக்கப் போனதும் கட்டிலில் விரித்துக் காட்டினேன். அண்ணி கரடியைத் தடவினாள், நங்கூரத்தைத் தடவினாள். பிறகு ஒவ்வொரு சதுரத்தின் ஓரத்தையும் விரலால் தேடிக்கொண்டே போனாள். கடைசிச் சதுரம் வரை போய்விட்டு நிமிர்ந்தாள்.

"எங்க அவரு கை?"

எனக்குப் புரியவில்லை.

"வேலையில கைய எங்க தொடைப்பாரு உங்கண்ணன்? கர்ச்சீப்பு குடுத்தா தொலைச்சுப்போடுவாரு. இங்கதான் தொடைப்பாரு, இடுப்புல. நாலு விரலும் அப்படியே பதிஞ்சிருக்கும். எத்தன சோப்புப் போட்டும் போகாது. தொவைக்கறப்ப நான் திட்டாத நாளில்ல." அவள் தன் கையை எடுத்து இடுப்பில் வைத்து, கீழே இழுத்துக் காட்டினாள். "அதுக்குத்தான் அம்மிணி கேட்டேன். இந்தக் கரடி எந்த ஊருக் கரடியோ."

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம்.

"ரொம்ப நல்லாத் தெச்சிருக்கறே" என்று சொல்லி மடித்து வைத்தாள்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

பாப்பாத்தியக்காவிடம் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் மூன்று தடவை நிறுத்தினேன். "அடி கிறுக்கச்சி" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கழிவுத்துணி குடோனுக்குப் போனார்.

வெட்டுத் துணி கூரை வரைக்கும் குவிந்து கிடந்தது. ஊரில் இருக்கும் எல்லாக் கம்பெனியின் மிச்சமும் அங்கேதான் வருகிறது. அந்த மலையின் அடிவாரத்தில் ஒருவர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"பெயிண்டு ஒட்டின துணியா? அம்மா, இதுல பாதி பெயிண்டு ஒட்டினதுதான். வேணுங்கறத அள்ளிட்டுப் போங்க."

நான் அள்ளிப் பார்த்தேன். எங்கேயும் விரல் இல்லை. பாப்பாத்தியக்கா, "இதுவா பாரு, இது?" என்று யாருடையதோ ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டிக்கொண்டே இருந்தார். திரும்பி வரும்போது அவர் ஒன்றும் பேசவில்லை. அவர் பேசாமல் வந்தது இன்றுதான்.

செப்டம்பர் 2, செவ்வாய்

நல்ல வெயில். அம்மா குளிக்கப் போன நேரத்தில் அவளுடைய பாயையும் தலையணையையும் காயப்போட எடுத்தேன். தலையணை ஒரு பக்கம் புடைத்துக் கொண்டிருந்தது. உறைக்குள் கைவிட்டால் துணி வந்தது.

பச்சை விரல்கள். சிவப்பு. கறுப்பின் மேல் மஞ்சள். கழுத்து ஓரங்கள். தோள் ஓட்டை, அம்மா தைத்த தையலோடு. நான் தள்ளிய எல்லாமே இருந்தது. கழிவுக்காரர் அள்ளிப் போவதற்கு முன்பே, நாங்கள் பார்க்காத ஏதோ ஒரு நேரத்தில், அவள் எழுந்து வாசலுக்குப் போய் மூட்டையைத் துழாவி எடுத்திருக்கிறாள். சுவரைப் பார்த்துப் படுத்திருப்பவள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

எடுத்ததையெல்லாம் அப்படியே திணித்து, தலையணையைப் பழைய இடத்திலேயே வைத்தேன். பாயை மட்டும் காயப்போட்டேன்.

மதியம் ரசம் வைத்தேன். உப்புப் போட மறந்தேன். இரண்டு பேரும் உப்பில்லாமலே சாப்பிட்டார்கள்.

செப்டம்பர் 4, வியாழன்

அண்ணியின் அப்பா வரும் புதன்கிழமை கார் எடுத்துக்கொண்டு வருகிறாராம். இனி காத்திருக்க மாட்டாராம்.

அம்மாவிடமிருந்து எடுத்தால் அம்மாவுக்கு ஒன்றும் மிஞ்சாது. எடுக்காவிட்டால் அண்ணி கரடியோடு போவாள். நாள் முழுக்க இதே யோசனை. இரண்டு பேருக்கும் சோறு போட்டுவிட்டு இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யாராவது என்னையும் சாப்பிடச் சொல்லலாம் என்று தோன்றியது. பிறகு நானே போட்டுச் சாப்பிட்டேன்.

செப்டம்பர் 5, வெள்ளி

காலையில் அண்ணியின் காதில் சொல்லிவிட்டேன்.

அவள் கட்டிலைப் பிடித்து எழுந்து, அம்மா படுத்திருந்த பாய்க்குப் போனாள். கீழே உட்காரவே அவளுக்கு நேரம் பிடித்தது.

"அத்தை."

அம்மா திரும்பவில்லை.

"கொஞ்சம் நகருங்க. முதுகு நோவுது. நானும் சாயணும்."

பதில் வருமுன்பே அவள் ஒருக்களித்துப் படுத்து, அந்தத் தலையணையிலேயே தலையை வைத்துக்கொண்டாள். அம்மாவின் தலையும் அவள் தலையும் முட்டிக்கொண்டன. நான் அடுப்படியில் கத்தரிக்காயை வைத்துக்கொண்டு, நறுக்காமல் நின்றேன்.

வெகுநேரம் கழித்து அம்மாவின் குரல் வந்தது. "ரெண்டு பேருக்கு இந்தத் தலவாணி பத்தாது."

"பத்துமுங்க."

"வயித்துல ஒதைக்குதா?"

"இப்பக்கூட. உங்க முதுகுல படலீங்களா?"

அம்மா வேறொன்று கேட்டாள். "போனா வருவியா?"

"தெரியலீங்க அத்தை. எங்கப்பா என்னென்னமோ பேசிட்டிருக்கறாரு. வருவேன்னு பொய் சொல்லட்டுங்களா?"

"வேண்டாம்."

"என்னையப் பழம் கேட்டவன்னு நெனச்சுக்கிட்டே இருங்க. பரவால்ல. புள்ளைக்கு அவரு கை மட்டும் குடுத்துருங்க."

அம்மா எழுந்து உட்கார்ந்தாள். தலையணையை உதறித் துணிகளை மடியில் கொட்டினாள். ஒவ்வொன்றாக நீவிப் பார்த்து அடுக்கினாள். பச்சை விரல்கள் உள்ள ஒன்றை மட்டும் திரும்ப உறைக்குள் போட்டுக்கொண்டாள். மிச்சத்தை அண்ணியிடம் தராமல் என்னிடம் நீட்டினாள்.

"நீ தெச்ச லட்சணத்தப் பாத்தேன். ஓரம் இழுத்திருக்குது. நகரு, மிஷின்ல நான் உக்கார்றேன்."

செப்டம்பர் 7, ஞாயிறு

கரடியையும் நங்கூரத்தையும் அப்படியே விட்டுவிட்டு, அவற்றின் மேல் விரல் பதிந்த துண்டுகளை வைத்துத் தைக்கிறோம். அம்மா மிதிக்கிறாள், நான் துணியைப் பிடிக்கிறேன், அண்ணி எது எங்கே என்று சொல்கிறாள். குழந்தை கை வைக்கும் உயரத்தில் சிவப்பு வர வேண்டுமாம்.

"பொறந்த புள்ள கைய நீட்டிக் கலரு பாக்குமா? பேசறா பாரு" என்றாள் அம்மா. ஆனால் சிவப்பை அங்கேதான் வைத்தாள்.

அவசரமாகத்தான் தைத்தோம். நான் எதையும் பிரிக்கவில்லை.

செப்டம்பர் 10, புதன்

கார் வந்தது. அண்ணியின் அப்பா வீட்டுக்குள் வராமல் வாசலிலேயே நின்றார். லைன் முழுக்க வெளியே வந்துவிட்டது. அண்ணியின் பெட்டியை வைத்தாயிற்று, பை வைத்தாயிற்று. நான் போர்வையைக் கொண்டுவந்தபோது அவர் கையைக் குறுக்கே நீட்டினார்.

"அதென்ன?"

"குழந்தைக்குங்கப்பா. சொன்னேனல்ல" என்றாள் அண்ணி.

அவர் பிரித்துப் பார்த்தார். கறைகளைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. "இது மாப்பிள்ளை துணியல்ல? ஆத்துல உட வேண்டியத வெச்சுக்கிட்டு... போனவன் துணிய, பொறக்கற புள்ளைக்கு எவளாவது விரிப்பாளா? இது எங்கூட்டுக்குள்ள வராது. வெச்சுட்டு ஏறு."

யாரும் பேசவில்லை. பாப்பாத்தியக்காகூட. அண்ணி அழத் தயாராக இருந்தாள். யாரோ, "மாமா" என்றார்கள். நான்தான்.

"மாமா, பொறந்த புள்ளையப் புதுத்துணியில போடமாட்டாங்க. பழந்துணியிலதான் போடுவாங்க. வீட்டு ஆளுங்க உடுத்துன துணி. மெத்துனு இருக்கும்னு." மூச்சு வாங்கியது. "அதுக்கு அதோட அப்பன் துணி இருக்கறப்ப, உங்கூட்டுல வேற யார் துணிய விரிப்பீங்க?"

"அட, இவளுக்கு வாயி இருக்குது!" என்றார் பாப்பாத்தியக்கா.

அண்ணியின் அப்பா என்னை இப்போதுதான் முதன்முதலாகப் பார்ப்பது போலப் பார்த்தார். கோபமா என்று தெரியவில்லை. "சின்னப்புள்ள. உனக்குத் தெரியாது" என்று தணிந்த குரலில் சொன்னார். ஆனால் கையை எடுக்கவில்லை.

அப்போது அம்மா வந்தாள். ஏப்ரலுக்குப் பிறகு அவள் பகலில் வாசலுக்கு வந்ததை லைன் பார்த்தது இன்றுதான். என் கையிலிருந்த போர்வையை வாங்கி, நாலாக மடித்து, காரின் பின் சீட்டில் போட்டுத் தட்டினாள்.

"உக்காரு" என்றாள் அண்ணியிடம். "ஊத்துக்குளி வரைக்கும் ரோடு குண்டுங்குழியுமாக் கெடக்குது. வெறும் சீட்டுல உக்காந்து போனா புள்ளைக்கு ஆகாது."

அண்ணி ஏறி அதன் மேல் உட்கார்ந்தாள். நிறைமாதக்காரியை எழுந்திரு என்று யார் சொல்வது? அவள் அப்பா கொஞ்ச நேரம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு சாத்திவிட்டு முன்னால் ஏறிக்கொண்டார்.

அண்ணி கார் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி என் தலையைத் தொட்டாள். "போறேன்" என்றுதான் சொன்னாள். "போயிட்டு வர்றேன்" என்று சொல்லவில்லை. அந்தப் பொய் மட்டும் அவளுக்கு வராது.

செப்டம்பர் 11, வியாழன்

பீஸ் வந்தது. பிசிறு வெட்டினேன். அம்மா எதிரில் வந்து உட்கார்ந்து அவளும் ஒரு கத்தரி எடுத்தாள்.

செப்டம்பர் 20, சனி

அண்ணி போன் பண்ணவில்லை. நான் பண்ணினேன், அவள் அம்மா எடுத்தார். தூங்குகிறாளாம்.

செப்டம்பர் 29, திங்கள்

கட்டிலை யாரும் பயன்படுத்துவதில்லை. துணி மூட்டைகளை அதன் மேல் வைக்கிறோம்.

அக்டோபர் 4, சனி

பெண் குழந்தை. பாப்பாத்தியக்காவுக்கு யாரோ சொல்லி, அவர் வந்து எங்களுக்குச் சொன்னார். எங்களுக்கு நேரே போன் வரவில்லை. அம்மா, "நல்லா இருக்கட்டும்" என்றாள். ஒரு ஸ்பூன் சர்க்கரையை என் வாயில் போட்டாள். தன் வாயில் போட்டுக்கொள்ள மறந்துவிட்டாள்.

போர்வை அந்த வீட்டுக்குள் போனதா, காரிலேயே கிடக்கிறதா என்று நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை.

அக்டோபர் 19, ஞாயிறு

நாலு நாளாக மழை விடவில்லை. சாயங்காலம் போன் அடித்தது. சென்னிமலை நம்பர். அண்ணி என்று நினைத்து எடுத்தேன்.

"அம்மிணி, நான்தான்." அவள் அப்பா. குரல் இன்று தெருவுக்குக் கேட்காது.

"சொல்லுங்க மாமா."

"அந்த... அதான். நீ குடுத்துவுட்டியே. அதத் தொவைச்சுப் போட்டா மழைக்குக் காயவே மாட்டேங்குது. வேற எதுல போட்டாலும் இவ கத்தறா. என்னத்தக் கண்டாளோ அதுல. நேத்தெல்லாம் ஈரத்த அடுப்போரமா புடிச்சுக்கிட்டு நான் நின்னேன்." இருமினார். "மாத்துக்கு ஒன்னு இருந்தாத் தேவலை."

"தெச்சுத் தர்றனுங்க மாமா."

"பஸ்ஸுல குடுத்து உட்றாத. நேர்ல கொண்டு வாங்க. உங்கம்மாளையும் கூட்டிக்கிட்டு வா. பேத்தியப் பாக்க வேண்டாமா பின்ன?"

பின்னால் குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. அவர், "இதா, இதா, வந்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டே போனை வைத்துவிட்டார். அந்தச் சத்தத்தை நான் அம்மாவுக்குச் செய்து காட்டினேன். அம்மா இன்னொரு தடவை கேட்டாள். செய்தேன்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. எங்களுக்கு இல்லை. வெளியே மழையிலும் வெடித்துக்கொண்டிருந்தார்கள்.

அம்மாவின் தலையணைக்குள் இருக்கும் ஒன்றைத் தவிர அண்ணன் துணி இனி இல்லை. அம்மா தன் பெட்டியைத் திறந்து, துவைத்துத் துவைத்து மெலிந்த நூல் சேலை ஒன்றை எடுத்துப் போட்டாள். அடிப்பக்கத்துக்கு அது போதும். மேல்பக்கத்துக்குத் துணி வேண்டும். நான் பரணிலிருந்து என் பள்ளிக்கூடச் சுடிதாரையும் மேல்கோட்டையும் இறக்கினேன். நீலமும் வெள்ளையுமாக, இஸ்திரி மடிப்பு அப்படியே இருந்தது. மெத்தென்ற துணி.

தரையில் விரித்து, அட்டையை வைத்து, கத்தரியை எடுத்தேன். அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அது வேண்டாமா உனக்கு?"

"சின்னதாப் போச்சும்மா. இனி பத்தாது."

அவள் நகர்ந்து வந்து, என் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கிக் கத்தரியை வாங்கிக்கொண்டாள்.

"இத உங்கையால வெட்ட வேண்டாம் கண்ணு" என்றாள். "நான் வெட்டறேன்."